கல்வி உதவிக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை: சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கான அடிப்படைத் திறன் பயிற்சி

சங்க உறுப்பினர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

கலிஃபோர்னியாவில் நம் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறும் மாணவர்களுக்கு நம் குழு அளித்துவரும் பயிற்சி இந்த ஆண்டும் இரண்டு பருவங்களிலும் நடந்தது. வரவு செலவையும் வருகைப் பதிவையும் பொருளாளர் தனியாக வைக்கிறார். பயிற்சி எப்படி நடந்தது, எங்கே சிக்கியது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. முன்பெல்லாம் கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் சேரும்போதே ஒரு திறனறித் தேர்வு வைப்பார்கள். மதிப்பெண் குறைந்தால், பட்டத்துக்குக் கணக்கில் வராத மூன்று நான்கு படி அடிப்படை வகுப்புகளை முடித்த பிறகுதான் கல்லூரிக் கணக்குக்குப் போக முடியும். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறி அடுத்ததில் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு படி தாண்டும்போது 24 பேர்தான் மிஞ்சுவார்கள். 2017-ல் நிறைவேறிய ஏபி 705 என்ற மாநிலச் சட்டம் இதை மாற்றியது. 2019 இலையுதிர்காலத்திலிருந்து பள்ளி மதிப்பெண்ணே முதன்மை அளவுகோல். ஓராண்டுக்குள் கல்லூரி நிலைக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்க அதிக வாய்ப்புள்ள வகுப்பில்தான் மாணவரைச் சேர்க்க வேண்டும். 2022-ல் வந்த ஏபி 1705 சட்டம் பிடியை இன்னும் இறுக்கியது.

இந்த மாற்றம் சரியானது என்பதே குழுவின் கருத்து. ஆனால் பின்னத்தில் தடுமாறும் மாணவர் இப்போது நேராகப் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வகுப்போடு இணைத்து நடத்தும் துணை வகுப்பு நன்றாக அமைந்தால் தப்பிக்கிறார். இல்லையென்றால் நான்காவது வாரத்திலேயே காணாமல் போகிறார். அதனால் நம் பயிற்சியும் அந்த வாரப் பாடத்திலிருந்தே தொடங்குகிறது. பின்னம், குறை எண், விகிதம் எல்லாம் பாடத்துக்குள் எங்கே தேவைப்படுகிறதோ அங்கேயே சொல்லித்தரப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மதிப்பு 72, சராசரி 65, திட்ட விலக்கம் 4. இசட் மதிப்பு, அதாவது அது சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று கேட்கிறார்கள். மாணவர் கால்குலேட்டரில் 72 − 65 ÷ 4 என்று தட்டுகிறார், 55.75 வருகிறது. அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். சரியான விடை 1.75. முதலில் செய்ய வேண்டிய கழித்தலை அடைப்புக்குறிக்குள் போடாததுதான் பிழை. 'அடைப்புக்குறி போடு' என்று சொன்னால் அன்றைக்கு மட்டும் போடுவார். 'சராசரிக்கு மேலே எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கும்? ஒன்றா, இரண்டா, ஐம்பதா?' என்று முதலில் உத்தேசமாகச் சொல்லவைத்தால், 55.75-ஐப் பார்த்ததும் தானே நிறுத்திவிடுவார். டிஐ-84 கால்குலேட்டரில் இன்னொரு தொல்லையும் உண்டு: கழித்தலுக்கு ஒரு பொத்தான், குறை எண்ணுக்கு வேறொரு பொத்தான். மாற்றி அழுத்தினால் 'எரர்' வரும். பல மாணவர்கள் தங்கள் கணக்கே தப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே இந்த இரண்டு பொத்தானையும் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

தன்னார்வலர்களுக்கான முதல் விதி பென்சில் மாணவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது. நம்மில் பெரும்பாலோர் பொறியாளர்கள். கணக்கைக் கண்டதும் கை பரபரக்கும். நாம் போட்டுக் காட்டினால் அவர் தலையாட்டுவார், பரீட்சையில் கை ஓடாது. ஒரு பயிற்றுநருக்கு நான்கு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே அந்த வகுப்பில் தேறிய மாணவர் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து, பிறகு குழுவாகப் படிக்கவைக்கும் முறை ஒன்று உண்டு. 1973-ல் மிசௌரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கல்லூரியில் அது நடக்கும் பாடத்துக்கு மாணவரை அங்கேயே அனுப்புங்கள். அதே ஆசிரியரின் சொற்களைக் கேட்டவர் சொல்வது நாம் சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

ஆங்கிலக் கட்டுரையில் பெரும்பாலும் இலக்கணத்தைவிடக் கேள்வியைப் படிப்பதில்தான் பிழை. 'ஒப்பிடு', 'வாதிடு' என்று கேட்டிருக்க, கதைச் சுருக்கம் எழுதி வருகிறார்கள். முதல் பத்து நிமிடம் கேள்வியிலுள்ள வினைச்சொற்களை அடிக்கோடிட வையுங்கள். பிறகு கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாதியில் நிற்கும் வாக்கியம் அவர் காதிலேயே இடறும். நாம் திருத்தி எழுதிக் கொடுப்பது கண்டிப்பாகக் கூடாது.

பாடத்துக்கு வெளியே உள்ளதுதான் அதிகம் கவிழ்க்கிறது. ஒவ்வொரு வகுப்பின் அளவையும் யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். 4 யூனிட் வகுப்பு என்றால், வகுப்பும் படிப்பும் சேர்த்து வாரம் 12 மணி நேரம். வாரம் 30 மணி நேரம் வேலைக்குப் போகிறவர் மூன்று வகுப்பு எடுத்தால் உறங்க நேரமிருக்காது. முதல் சந்திப்பிலேயே அவருடைய வாரத்தை ஒரு தாளில் மணிக்கணக்காக எழுதவைக்கிறோம். முதல் தேர்வில் சறுக்கினால் அந்த வாரமே ஆலோசகரிடம் போக வேண்டும். பதிவேட்டில் ஏறாமல் விலகும் கடைசி நாள், 'டபிள்யூ'வோடு (விலகினார் என்ற பதிவோடு) விலகும் கடைசி நாள் இரண்டும் அந்தத் தாளின் மேலேயே இருக்கட்டும். யாரிடமும் சொல்லாமல் வகுப்பை விட்டவருக்கு 'எஃப்' (தோல்வி) விழலாம். எடுத்த யூனிட்டில் 67 சதவீதம் முடிக்காமல் போனால் அரசு நிதியுதவியும் ஆபத்தில் விழும்.

ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். வருமானம் குறைந்தோருக்கு விலக்கு உண்டு. அதற்கு விண்ணப்பிக்காமலே கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்க்கிறோம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய 'ஏசாப்' திட்டம் மீதிக் கட்டணம், பாடநூல், பயண அட்டை, நெருங்கிய ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். அந்த அளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் மாணவரோடு நடந்துபோய் இஓபிஎஸ் (வசதி குறைந்த மாணவர்களுக்கான கல்லூரி உதவித் திட்டம்) அலுவலகத்தில் விட்டுவர முடியும். துண்டுச் சீட்டில் அறை எண் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் போவதில்லை.

வரும் ஆண்டுக்குக் குழு கேட்பது மூன்று. வேலைநாள் பிற்பகலில் வரக்கூடியவர்கள் வேண்டும். சனிக்கிழமைக்கு ஆள் போதும். தாயகத்திலிருந்து வந்து இங்கே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் வகுப்பில் சேர்ந்திருக்கும் நம் பெண்களுக்கு, கல்லூரி நிலை ஆங்கிலத்தை முடிக்க ஏபி 705 சட்டம் ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டு அவகாசம் தருகிறது. அவர்களோடு வாரம் ஒருமுறை பேசிப் பழகத் தனிக்குழு அமைக்க வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் டிஐ-84 கால்குலேட்டர்களை, புது பேட்டரி போட்டு, பருவம் தொடங்கும் ஆகஸ்டுக்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்,
கல்வி உதவிக் குழு