போன் திறந்துவிட்டது, தம்பி

சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள தம்பிக்கு ஆத்தா எழுதுவது. நானும் அப்பச்சியும் நலம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் நலந்தானே? போன் திறந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பேசும்போது ஆரம்பித்தால் 'விடுங்க ஆத்தா, நான் பார்த்துக்கறேன்' என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

1234 வேண்டாம் என்று நீ சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு எண்ணில் புதிதாகப் போட்டேன். போட்டதோடு சரி. விரல் வைத்தாலே திறந்ததால் அந்த எண்ணை அப்புறம் ஒருதடவைகூட அடிக்கவில்லை. பத்து நாள் கழித்துச் சார்ஜ் இறங்கி அணைந்துபோனது. மறுபடி போட்டால் விரலை ஏற்கவில்லை. அணைந்து எழுந்த போன் முதலில் எண்ணைத்தான் கேட்குமாம், விரலெல்லாம் அதற்குப் பிறகுதானாம். உன் பிறந்தநாள், அப்பச்சி பிறந்தநாள், எங்கள் கல்யாண நாள் எல்லாம் அடித்துப் பார்த்தேன். 30 விநாடி பொறு என்றது, போகப்போக இன்னும் பொறு என்றது. "நம்ம பெட்டகம்கூட இவ்வளவு அடம்பிடிக்காது" என்றார்கள் அப்பச்சி.

காரைக்குடியில் முதலில் போன கடையில், ஒரு படம்கூடப் போகாமல் திறந்து தருகிறோம், 2,000 ரூபாய், போனை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது கடைப் பையன் நல்ல பிள்ளை. "உள்ளே இருக்கிறதெல்லாம் நீங்க போட்ட எண்ணோடு சேர்த்துப் பூட்டியிருக்கு ஆச்சி. மொத்தமா அழிச்சாத்தான் போன் உதவும்" என்றான். அழிப்பது பெரிய வேலையில்லை, போனின் பக்கவாட்டில் இருக்கிற பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் அதற்கென்று ஒரு பட்டியல் வருகிறது. ஆனால் அழித்த பிறகு, அதில் முன்பிருந்த கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்குமாம். திருடினவன் அழித்துவிட்டு விற்காமலிருக்க, 2015 முதல் ஆண்ட்ராய்டில் இந்த ஏற்பாடு. "பாஸ்வேர்டு தெரியுமா ஆச்சி?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? ஊருக்குக் கிளம்புகிற அன்று, வாசலில் கார் நிற்க, நீதானே போட்டுக் கொடுத்தாய்.

பாஸ்வேர்டு மறந்தால் செய்தி போவதற்கு உன் பழைய இந்திய எண்ணைக் கொடுத்திருக்கிறாய். அதற்கு அடித்தால் திருப்பூரில் யாரோ ஓர் அம்மா எடுத்தார். 'உங்களுக்கு ஓர் எண் வரும், சொல்லுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் மோசடிக்காரி என்றுதான் நினைத்திருப்பார்.

அப்புறந்தான் அலமாரியில் கிடந்த, கண்ணாடி கீறின பழைய போன் ஞாபகம் வந்தது. சார்ஜ் போட்டு வைஃபை கொடுத்தேன். அதே கணக்கு அதில் அப்படியே இருந்தது. அதற்கு, நல்லவேளை, 1234தான்! பழகின போன், பழகின இடம் என்றால் கூகுள் சீக்கிரம் நம்பும் என்று பையன் சொல்லியிருந்தான். 'நீங்கள்தானா?' என்று கேட்டது, ஆம் என்று தொட்டேன், புதுப் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டேன். உடனே அழிக்காதீர்கள், 24 மணி நேரம் போகட்டும் என்றும் சொன்னான். ஒருநாள் முழுக்கச் சிம்மைப் பட்டன் போனில் போட்டு ஓட்டினேன்.

மறுநாள் அழித்து, புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்ததும் தொலைபேசி எண்களும் பேரப்பிள்ளைகளின் பழைய படங்களும் திரும்பி வந்துவிட்டன. வராமல் போனது, பங்காளிகளுக்கு அனுப்ப நான் மூன்று நாள் உட்கார்ந்து எடுத்த சாமான் படங்கள். மங்குச் சாமான், மரவை, பித்தளை அண்டா, ஒன்றுகூட இல்லை. கூகுள் கணக்கில் இருக்கிற 15 ஜிபி இடம் நிறைந்துவிட்டது என்று போன் சொல்லிக்கொண்டேதான் இருந்தது, நான்தான் தள்ளித் தள்ளிவிட்டேன். அது என் தப்பு.

ஆனால் பாஸ்வேர்டு விஷயம் உன்னுடையது. கல்யாணத்துக்குப் பிறகு எங்களைத் தனிச் சமையலாக வேறு வைத்த அன்று, உங்கள் அப்பத்தா அரிசி, பருப்பு, பாத்திரத்தோடு அறைச் சாவியையும் என் கையில் கொடுத்தார்கள். இன்னொரு சாவி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை. தொலைத்தால் ஆசாரியைக் கூப்பிட்டுக்கொள்" என்றார்கள். நீ எனக்குப் போனைக் கொடுத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அக்கறைதான், தெரியும். இருந்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது கணக்கில் என் எண்ணைப் போட்டுவிட்டேன். உன் மின்னஞ்சல் இரண்டாவதாக இருக்கிறது, அது போதும். ஆறு எண்ணையும் பாஸ்வேர்டையும் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அப்பச்சி எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் வருகிறவர்களிடம் சீப்புச்சீடையும் தேன்குழலும் கொடுத்துவிடுகிறேன். சாமான்களை மறுபடி இன்றைக்குத்தான் இறக்கியிருக்கிறோம். அப்பச்சி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள், போய் எடுக்க வேண்டும்.

ஆத்தா