எண்ணெய் பின்புறம் வரை ஊறும் கான்வாஸ், ஜிங்க் கலந்த வெள்ளை: பணத்தைத் திருப்பித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
ஓவியப் பயிற்சிக் கூடத்தினர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆயில் பெயிண்டிங் தொகுப்பில் உள்ள குறைகள்

ஐயா,

உங்களிடம் வாங்கிய தொகுப்பில் 24-க்கு 30 அங்குல கான்வாஸ் 12, 200 மில்லி டைட்டானியம் ஒயிட் ட்யூப் 6, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பாட்டில் 4 வந்தன. ரசீதையும் படங்களையும் இணைத்துள்ளோம்.

முதலில் கான்வாஸ். 'மூன்று கோட் ஜெஸ்ஸோ, ஆயிலுக்கு ஏற்றது' என்று உறையில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஜெஸ்ஸோ என்பது வண்ணத்துக்கு அடியில் துணிமேல் பூசும் வெள்ளைப் பூச்சு. ஈர விரலால் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவர்போல வெள்ளை கையோடு வருகிறது. பூச்சில் பைண்டர், அதாவது ஒட்டவைக்கும் பசை, போதவில்லை. விளக்குக்கு எதிரே பிடித்தால் நெசவின் சந்துகளில் ஊசிமுனை ஓட்டைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் விட்டு மறுநாள் திருப்பிப் பார்த்ததில், 12-இல் 9 கான்வாஸ்களின் பின்புறம் எண்ணெய்க் கறை. இப்படி உறிஞ்சும் பூச்சின்மேல் வண்ணம் எண்ணெயை இழந்து, திட்டுத்திட்டாக மங்கிக் காயும். துணிக்குள் இறங்கிய எண்ணெய் நாளடைவில் பருத்தி நூலை மொரமொரப்பாக்கி இற்றுப்போகச் செய்யும். நாங்களே இன்னும் இரண்டு கோட் அடித்து, உப்புத்தாள் போட்டு, மூன்று நாள் உலரவிட்டுச் சரிசெய்யலாம்தான். அந்த வேலையைச் செய்வதென்றால் வெறும் துணியையே மீட்டர் கணக்கில் வாங்கியிருப்போமே!

மரச்சட்டத்தின் உள்விளிம்பும் சரிவாகச் சீவப்படவில்லை. துணி மரத்தில் ஒட்டி நிற்பதால், தூரிகையை அழுத்தினால் சட்டத்தின் கோடு படத்தில் விழுகிறது. மூலைகளைப் பசையும் பின்னும் போட்டு இறுக்கியிருக்கிறீர்கள். ஆப்பு வைக்க இடமில்லை. மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் எதைத் தட்டி இறுக்குவது?

அடுத்தது வெள்ளை. முன்புறம் பெரிய எழுத்தில் 'டைட்டானியம் ஒயிட்'. பின்புறம் பொடி எழுத்தில் பி.டபிள்யூ. 6, பி.டபிள்யூ. 4 என்று இரண்டு நிறமிகளின் குறியீடுகள். முன்னது டைட்டானியம், பின்னது ஜிங்க் ஆக்சைடு. அது எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து ஜிங்க் சோப்பாக மாறுகிறது. படலம் விறைத்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசைகிற துணியின்மேல் அந்தப் படலம் வெடிக்கும், அடுக்கு அடுக்காகப் பிரியும். வெள்ளை எல்லா நிறத்திலும் கலக்கப்படுவது. ஆகவே இந்தக் குறை படம் முழுக்கப் பரவுகிறது. ஜிங்க் கலந்து விற்பதானால் 'டைட்டானியம்-ஜிங்க்' என்று முகப்பிலேயே போடுங்கள், வேண்டியவர் வாங்கட்டும். நீங்கள் விற்கும் கோபால்ட் ப்ளூ ட்யூபில் நிறமிக் குறியீடுகூட இல்லை. அசல் கோபால்ட் பி.பி. 28, அல்ட்ராமரைன் என்ற வேறொரு நீலம் பி.பி. 29. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்போது, உள்ளே இருப்பது எது என்று வாங்குபவர் எப்படி அறிவது?

எண்ணெய் பாட்டிலில் ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லாதது எங்களுக்குக் கவலை தருகிறது. லின்சீட் ஆயில் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது, அப்போது வெப்பம் உண்டாகிறது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில்தான் போட வேண்டும். வீட்டு அறையில் புதிதாக ஸ்டுடியோ அமைப்பவர்கள்தான் இந்தத் தொகுப்பை வாங்குகிறார்கள். அவர்களுக்கு இதை யார் சொல்வது?

12 கான்வாஸுக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 6 ட்யூபுகளுக்குப் பதிலாக பி.டபிள்யூ. 6 மட்டும் உள்ள வெள்ளை தர வேண்டும். எல்லா ட்யூபிலும் நிறமிக் குறியீட்டையும் பாட்டிலில் தீ எச்சரிக்கையையும் அச்சிட வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். கறை படிந்த 9 கான்வாஸ்களையும் அப்படியே வைத்திருக்கிறோம். உங்கள் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓவியப் பயிற்சிக் கூடத்தினர்

இணைப்பு: ரசீது நகல், கான்வாஸ் பின்புறப் படங்கள், ட்யூப் லேபிள் படம்