தேடலில் முதலில் வந்த தீர்ப்பு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்த செய்தி பெரும் மகிழ்ச்சி தந்தது. அவளுக்குத் தீர்ப்புத் திரட்டுகள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம், முதலில் இந்தியன் கானூன் தளத்தில் தேடிப் பழகட்டும்.

நாம் ஜூனியர் வழக்கறிஞர்களாக இருந்தபோது, வழக்குக்கு ஆதாரமாகக் காட்ட ஒரு முன்தீர்ப்புக்காக வழக்கறிஞர் சங்க நூலகத்தில் மாலை முழுவதும் ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் திரட்டின் தொகுதிகளைப் புரட்டுவோம், நமக்கு வேண்டிய தொகுதி மட்டும் எந்த சீனியர் வீட்டிலோ இருக்கும். சுஷாந்த் சின்ஹா என்ற கணினி வல்லுநர் 2008 ஜனவரியில் தொடங்கிய அந்தத் தளம், தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்து யாரும் இலவசமாகத் தேடும்படி செய்துவிட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், நீதிபதி எழுதிய மூலத் தீர்ப்பை யாரும் வெளியிடலாம், பதிப்பாளர் தம் உழைப்பால் சேர்க்கும் தலைக்குறிப்பு (தீர்ப்பின் சுருக்கம்) போன்றவற்றுக்கே பதிப்புரிமை உண்டு என்று, சட்ட நூல் பதிப்பகமான ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஜனவரியில் அந்த நீதிமன்றமே இ-எஸ்.சி.ஆர். என்ற தன் இணையத் தீர்ப்புத் திரட்டு வழியாகச் சுமார் 34,000 தீர்ப்புகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். 1986-இல் திருமணமானவர், தந்தை 1998-இல் காலமாகிவிட்டார். பூர்வீக நிலத்துக்காக அண்ணன் நீட்டிய, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் மனநிலையில் இருந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் கைபேசியில் தேடி எடுத்த 2015-ஆம் ஆண்டின் பூலவதி தீர்ப்பை அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிருடன் இருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்ற வரியின் கீழ் பேனாவால் கோடிட்டிருந்தார்கள். ஆனால் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்நாளில் தந்தை உயிருடன் இருக்க வேண்டியதில்லை என்று தீர்த்துவிட்டது. நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அந்த அம்மா அச்சுத்தாளை மீண்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அழுதார். நெடுநேரம் என்னால் பேச முடியவில்லை.

தளத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. ஒரு தீர்ப்பைப் பின்னர் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்ற பட்டியல் அங்கேயே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவே விடை தருகிறது என்று புது நிறுவனங்கள் பல முளைத்திருக்கின்றன. அவை, இந்தத் தீர்ப்பு இன்று செல்லாது என்பதை முதல் வரியிலேயே, தமிழிலேயே சொல்லுமானால் நான் மனமார வரவேற்பேன். செயற்கை நுண்ணறிவு இல்லாத வழக்குகளை இருப்பதாகக் காட்டி, அதை நம்பி நீதிமன்றத்தில் கொடுத்த வழக்கறிஞர்களை 2023-இல் நியூயார்க்கில் அபராதம் கட்ட வைத்தது போல் ஆகிவிடக் கூடாதே என்ற கவலையும் உண்டு.

அந்த அம்மாவுக்காகப் பாகப்பிரிவினை வழக்குத் தாக்கல் செய்துவிட்டேன். உன் மகளிடம் பூலவதி, வினீதா சர்மா தீர்ப்புகள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடு. படித்தபின் அவளே எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்