ஐஸ்பழக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

முந்தநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முற்றத்து வேம்புக்குக் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டு, காலை இரண்டு தலையணைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். கை இரண்டும் நல்லாயிருக்கிறபடியால் எழுதுகிறேன். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதி நேரம் நினைவில்லாமல் கிடந்த என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கும் மனமில்லை.

முதலில், என்னைத் தூக்கி ஏற்றியவர்கள். ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போகும்வரை என் தலையைத் தன் மடியில் வைத்திருந்த பக்கத்து வளவுத் தம்பி. கேட்காமலே வந்து வரிசையில் நின்று இரத்தம் கொடுத்த கழகத்துப் பெடியள். சிறுபோக நெல் வெட்டுக்கு நின்ற நேரம் அது. இரணைமடுத் தண்ணீரில் விளைந்ததை மழைக்கும் மாட்டுக்கும் விடாமல் மெசின் பிடித்து வெட்டி, தார் ரோட்டில் காயவிட்டு, மூட்டை கட்டி, என் வீட்டு விறாந்தையில் அடுக்கிவிட்டுப் போனவர்கள். மெசின்காரர் எண்ணெய்க் காசு மட்டும் வாங்கினாராம். மனைவிக்கு மூன்று வாரம் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த பெண்கள். போதனா வைத்தியசாலை வைத்தியர்கள், நான் நோவில் கத்தியதையெல்லாம் மறந்துவிட்ட தாதி மிஸிமார். பக்கத்துக் கட்டில் முள்ளியவளை அப்பு. எல்லோரையும் ஒரே பந்தியில் அடுக்கிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன், கால் சரிவரட்டும்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஐஸ்பழக்காரருக்காக. அவர் செய்ததை என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. சொன்னால் சின்ன விசயம்போலத்தான் இருக்கும்.

மகள் பாடசாலை உதைபந்தாட்ட அணியின் கோல் கீப்பர் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் பெயரெடுத்ததற்குப் பிறகும், எங்கள் சொந்தக்காரரில் சிலர் ‘பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்தோ’ என்று இழுத்தவர்கள்தான். இப்போது அவர்களும் வந்து கயிற்றுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். சரி, அதை விடுவோம்.

இந்த முறை போட்டிகள் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரு மட்சையும் விடவில்லை. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று பரந்தன் முல்லைத்தீவு வீதியில் எங்கே பந்து உருண்டதோ அங்கே என் மோட்டார் சைக்கிளும் நின்றது. நான் நின்ற இடமெல்லாம் ஐஸ்பழக்காரரும் நின்றார். பின் சீட்டில் ரெஜிபோம் பெட்டி, அதன்மேல் ஈரச்சாக்கு. ஹோனை இரண்டுதரம் அழுத்துவார், மைதானத்தின் பாதி அவர் பக்கம் திரும்பும். ஆட்டம் முடிந்தால் வென்றாலும் தோற்றாலும் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுப்பது என் வேலை. கையில் காசு குறைந்த நாளில் கொப்பியில் எழுதுவார். அப்படி எழுதி எழுதி 480 ரூபா நின்றது. காசு ஆயத்தமானால் சொல்லலாமே என்று அவருடைய நம்பரை வாங்கிப் போனில் ‘ஐஸ்பழம்’ என்று போட்டு வைத்தேன். பெயர் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ‘நம்பர் ஒண்டின்ர அப்பா’ என்றுதான் கொப்பியில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. இரண்டாவது மட்சில் மகள் ஒரு பெனால்டியைப் பிடித்தாள். நான் துள்ளிய துள்ளலில் செருப்பு அறுந்தது. மத்தியஸ்தர் விசில் ஊதி, திரும்ப அடிக்கச் சொன்னார். இரண்டாம் முறை கோல். நான் கயிற்றைத் தாண்டிப் போய் அவரோடு சண்டை பிடித்தேன். அந்த மனிதர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, பந்தை அடிக்கிற நேரத்தில் கோல் கீப்பரின் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும், உங்கள் பிள்ளை இரண்டு காலையும் எடுத்துவிட்டா என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். என் சண்டைக்கு அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்றைக்கே வீட்டுக்குப் பின்னால் வேலை தொடங்கினேன். 24 அடி அகலம், 8 அடி உயரம், மூங்கிலில் கோல். முல்லைத்தீவிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழைய மீன்வலை பின்னால். உமியைக் கொட்டி ஒரு கோடு. கோட்டிலிருந்து 36 அடி அளந்து ஒரு செங்கல் துண்டு, அதுதான் பெனால்டிப் புள்ளி. விடிய ஐந்தரைக்கு நான் அடிப்பேன், அவள் பிடிப்பாள். “கால் எங்க நிக்குது?” என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு பந்தும் அடிப்பேன். “உமியிலதான் நிக்குது அப்பா” என்பாள். பத்து நாளில் உமி முழுக்க அவள் சப்பாத்தில் ஒட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று மனைவியிடம் வாங்கிக் கட்டினேன்.

அந்தப் பந்துகளையெல்லாம் அடித்த கால்தான் இப்போது தலையணையில் கிடக்கிறது.

அரையிறுதி நாளில் நான் வாட்டில். மகள் போகமாட்டேன் என்று அழுதாள், போ என்று நானும் அழுதுதான் அனுப்பினேன். பிள்ளைகளுக்குப் போன் கொண்டுபோக அனுமதியில்லை. பொறுப்பாசிரியருக்கு எடுத்தால் எடுக்கவில்லை. அவருக்கு அங்கே ஆயிரம் வேலை. மனைவி மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றரை மணிபோல் போன் அடித்தது. ‘ஐஸ்பழம்’.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். கடன் கேட்கிறார் என்று நினைத்தேன். கடன்தான் கேட்டார்.

“அண்ணை, எங்க நிக்கிறியள்? மட்ச் தொடங்கப் போகுது, உங்களைக் காணேல்லை. காசு தரப் பயந்து ஒளிச்சிட்டியளோ?”

அவருக்கு ஒன்றும் தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் சோளகக் காற்று மட்டும் போனில் இரைந்தது. வழக்கமாக அந்த இடத்தில் எல்லோரும் சொல்வது ஒன்று இருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை.

“சரி. போனை வைக்காதேங்கோ. உங்கட பிள்ளை இந்தா நிக்குது, பச்சைச் சேட்டு. நான் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ.”

அவருக்குப் பந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு மைதானத்திலும் நின்ற மனிதர், பார்த்ததெல்லாம் யாருக்குத் தாகம் எடுக்கிறது என்பதைத்தான். கோணர், ஓப்சைட் ஒன்றும் அவர் வாயில் இல்லை. “பந்து அங்கால போகுது, இஞ்சால வருது, ஒரு மெல்லிய பிள்ளை கொண்டு வருது, விழுந்திட்டுது, எழும்பிட்டுது” இப்படித்தான். ஆனால் ஒன்றையும் விடவில்லை. என் மகள் கையுறையை இறுக்கியதை, தலைமயிரைத் திரும்பக் கட்டியதை, பந்து அந்தப் பக்கம் போகும்போது அவள் கோலுக்கு முன்னால் குந்தி மண்ணைக் கிண்டியதை எல்லாம் சொன்னார். நான் பக்கத்தில் நின்ற நாட்களில்கூட அதையெல்லாம் கண்டதில்லை. நான் பந்தைத்தான் பார்ப்பேன்.

இடையில் ஒருமுறை, “ரெண்டு சிவப்பு, ஒரு மஞ்சள்” என்றார். எனக்கு நெஞ்சு நின்றது. “ஆருக்கு? ஆருக்குச் சிவப்பு?” என்று கத்திவிட்டேன். மிஸி ஓடி வந்தார். “காட் இல்லை அண்ணை, ஐஸ்பழம். சின்னப் பெடியள் கேக்கிறாங்கள்” என்றார். வியாபாரத்தையும் விடவில்லை மனிதர்.

என் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தபடியால் முள்ளியவளை அப்புதான் போனை வாங்கிச் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார். இடைவேளைக்குப் பிறகு வாட்டில் பாதிப் பேர் எங்கள் கட்டிலைச் சுற்றி. சத்தம் போடக்கூடாது என்று சொல்ல வந்த மிஸியும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.

“அண்ணை, எல்லாரும் நடுவுக்குப் போயிட்டினம். உங்கட பிள்ளை தனிய வருது.”

“கால் எங்க நிக்குது எண்டு பாருங்கோ” என்றேன். “பந்து அடிக்கேக்க கோட்டில நிக்குதோ?”

“பொறுங்கோ, கிட்டப் போறன்.”

பெட்டியை விட்டுவிட்டுக் கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். பெட்டி திறந்தபடி கிடந்ததாம், சின்னப் பிள்ளைகள் இருவர் அதற்குக் காவலாம்.

முதல் அடி, அவர்களுக்குக் கோல். எங்களுக்கும் கோல். இரண்டாவது, அவர்களுக்குக் கோல். எங்கள் பிள்ளை அடித்தது மேலால் போய்விட்டது. மூன்றாவது அடிக்க அவர்கள் வந்தார்கள். “கால் கோட்டில நிக்குது அண்ணை, நல்லா நிக்குது” என்றார். அந்த வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு ஒரு சத்தம், சனத்தின் சத்தம். “புடிச்சிட்டா! கால் கோட்டில! நான் பாத்தனான், கால் கோட்டிலதான்!” விசில் வருமா என்று நான் காது கொடுத்துக் கிடந்தேன். வரவில்லை. அப்பு போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

எங்கள் மூன்றாவது கோல். இரண்டுக்கு இரண்டு. நாலாவது இரு பக்கமும் கோல். ஐந்தாவது அவர்கள் அடித்துவிட்டார்கள். நாலுக்கு மூன்று. எங்கள் கடைசிப் பிள்ளை பந்தை வைத்தது என்று சொன்னார். அத்தோடு போன் அறுந்துவிட்டது.

நான் திரும்ப எடுத்தேன். அவருடைய போன் ஓய்ந்து கிடந்தது. வாட்டில் ஒருவரும் கட்டிலுக்குத் திரும்பவில்லை. பத்து நிமிடம் இருக்கும், தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு. யாரோ ஒரு தாயின் போனை வாங்கி எடுத்திருக்கிறார்.

“அண்ணை, சாஜ் முடிஞ்சுபோச்சு. கம்பத்தில பட்டுத் திரும்பிட்டுது. தோத்திட்டம்.”

தோத்திட்டம். பரந்தனில் இருந்து வந்த ஐஸ்பழக்காரருக்கு எந்தப் பாடசாலையும் அணியும் இல்லை. அன்றைக்கு அவர் இரண்டு பக்கத்துக்கும் விற்றவர். நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அப்பு என்னைப் பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்தார்.

இதில் என்ன பெரிய உதவி என்று என் மைத்துனர் கேட்டார். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு பந்தி, போனில் மட்ச் சொன்னவருக்கு இவ்வளவா என்று. நியாயமான கேள்வி.

என் மகள் 2009இல் செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவள். அந்தக் காலத்தில் நாங்கள் வாங்கிய ‘ஐயோ பாவம்’ ஏழு தலைமுறைக்குக் காணும். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், எங்கள் பெயரை எழுதினார்கள், சாமான் தந்தார்கள், முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மீள்குடியேறி வந்த புதிதில், தகரக் கொட்டிலில் கடை வைத்திருந்த ஒரு வயதானவர்தான் முதன்முதலில், “காசில்லாட்டிப் பரவாயில்லை, கொப்பியில எழுதுறன்” என்றார். மண்ணெண்ணெயும் சீனியும் வாங்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தபோது, என் பெயர் ஒரு கடன் கொப்பியில் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று மனைவிக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை. நாங்கள் இனி இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று வேறொருவர் நம்பியது அன்றைக்குத்தான்.

வாட்டில் கிடந்த மூன்று வாரமும் எல்லோரும் என் காலைப் பார்த்துத்தான் கதைத்தார்கள். அன்பில்தான். ஐஸ்பழக்காரருக்கு மட்டும் நான் ‘நம்பர் ஒண்டின்ர அப்பா’. 480 ரூபா தரவேண்டிய மனுசன்.

மகள் அன்றிரவு சொன்னாள்: தோற்றபிறகு எல்லோரும் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார்களாம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பதினாறு பேருக்கும் ஐஸ்பழம் கொடுத்தாராம். கம்பத்தில் அடித்த பிள்ளைக்கு முதலில். ரீச்சர் காசை எடுக்க, “அது அப்பாவின்ர கணக்கு” என்று சொல்லிக் கொப்பியில் எழுதினாராம். ஒன்று 40 ரூபாப்படி 640. மகளுக்குக் கோபம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க அவர் பெயரில் எழுதுகிறாரே என்று. நான் சிரித்த சிரிப்பில் தையல் இழுத்தது.

மூன்றாமிடத்துக்கான மட்சில் எங்கள் பிள்ளைகள் வென்றார்கள், அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியும். மூங்கில் கோல் அப்படியே நிற்கிறது, உமிக் கோட்டைக் கோழி கிளறிவிட்டது. அடுத்த வருடம் நான் அடிக்க முடியுமோ தெரியாது. கதிரையைச் செங்கல் துண்டுக்குப் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டாவது “கால் எங்க நிக்குது” என்று கேட்பேன். ஒரு மட்சையும் விடமாட்டேன், இது சத்தியம்.

நேற்று அவருக்குப் போன் எடுத்து, மகளிடம் காசைக் கொடுத்து விடுகிறேன், மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். கொப்பி புரளும் சத்தம் கேட்டது.

“ஆயிரத்து நூற்றி இருபது” என்றார். “பிள்ளையிட்ட குடுத்து விட வேண்டாம் அண்ணை. நடந்து வந்து தாங்கோ.”