நம் ஊர்க் குளமும் தரவையும்: ஆவணி முடிவதற்குள் ரூ.5,35,000 தேவை

பெரியோர்களே, தாய்மார்களே, பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனாலும் அம்மன் கோவில் கொடைவிழாவுக்குத் தவறாமல் வந்து சேரும் அண்ணாச்சிமார்களே,

குளம் சீரமைப்புக் குழுவின் வணக்கம். குளத்தையும், ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவே கிடக்கும் தாழ்நிலமான தரவையையும் சீராக்கும் வேலை முக்கால் பங்கு முடிந்துவிட்டது. பணம் முழுவதும் முடிந்துவிட்டது. மொத்த மதிப்பீடு ரூ.18,60,000. ஆனி மாதக் கடைசி வரை வந்து சேர்ந்தது ரூ.13,25,000. பாக்கி ரூ.5,35,000 ஆவணி 31-க்குள் கைக்கு வந்தாக வேண்டும். பிசான நெல் சாகுபடிக்குத் தென்கால் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் பொக்லைன் உள்ளே இறங்க முடியாது. அதைத் தொட்டே ஐப்பசி மழை வந்துவிடும். பிறகு அடுத்த கோடைதான். அதற்குள் தூர் எடுக்காமல் விட்ட சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்குத் துளிர்த்து நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

இனி வரும் பத்தியை எழுதியே தீர வேண்டும் என்று குழுவில் மூத்தவர்கள் சொன்னார்கள். வேண்டாம், பணம் எவ்வளவு என்பது போதும் என்றார்கள் இளையவர்கள். மூத்தவர்கள் வென்றார்கள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநை என்ற தாமிரபரணி, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு ஓடும் ஆறு. அதன் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் என்று பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகிறது தண்ணீர். நமக்கு வருவது தென்கால் தண்ணீர். அந்த அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. நம் குளம் அதற்கும் முந்தியது என்பது பாட்டன்மார் வாக்கு. கல்வெட்டு ஏதும் இல்லை. இருந்தாலும் இந்தக் கரையோரத்தில் மண்ணைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. சிவகளையில் ஒரு தாழியிலிருந்து எடுத்த உமி சுமார் 3,200 ஆண்டு பழையது என்று 2021-இல் அறிவித்தார்கள். நெல் விளைந்தது என்றால் அதற்குத் தண்ணீர் தேக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? அந்தக் கைகளின் வழி வந்தவர்கள் நாம் என்று மூத்தவர்கள் சொல்கிறபோது இளையவர்களும் மறுக்கவில்லை.

குளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தரவையைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. ஆற்றுக்கும் குளத்துக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் அந்த நிலத்தை ஆடு மேய்கிற புறம்போக்கு என்றுதான் இன்றைய பிள்ளைகள் அறிவார்கள். ஆற்றில் வெள்ளம் புரளும் நாளில் முதலில் தண்ணீர் ஏறி நிற்பது அங்கேதான். பரந்த இடம் கிடைத்ததும் வெள்ளத்தின் வேகம் தணியும். சுமந்து வந்த வண்டல் அங்கேயே படியும். தெளிந்த நீர் மெல்லக் குளத்துக்கு இறங்கும். கோரைக்கும் சம்புக்கும் இடையில் முழங்கால் அளவு நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடித்தான் விராலும் கெளுத்தியும் ஆற்றிலிருந்து ஏறி வந்து குஞ்சு பொரித்தன. தரவை கெட்ட பிறகு கிணறுகள் சித்திரையிலேயே அடி தெரிந்ததையும், வலைக்கு விரால் படாமல் ஜிலேபிக் கெண்டை மட்டுமே பட்டதையும் நாம் தனித்தனிக் கஷ்டங்களாகத்தான் பார்த்தோம்.

கெடுத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஆற்றின் மேல்பக்கத்தைக் காட்டுவோம். பாதி உண்மைதான். மீதி நாம். தண்ணீர் ஏறும் வாயை மண் போட்டு அடைத்து வண்டிப்பாதை ஆக்கினோம். விறகுக்கு ஆகும் என்று சீமைக்கருவேலத்தை விட்டுவைத்தோம். ஆடுகள் அதன் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பின. சாக்கடையைக் குளத்தில் விட்டோம். அந்தச் சாக்கடையைத் தின்றுதான் ஆகாயத்தாமரை என்கிற அமலைச்செடி தழைத்தது. ஏற்ற சூழல் அமைந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது.

சில ஆண்டுகளுக்கு முன் நாமே ஒருமுறை தூர்வாரியதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்கூடி, மாலை போட்டு, இயந்திரம் இறக்கி, குளத்தைத் தொட்டிபோலச் செங்குத்தாக வெட்டினோம். ஆழம் கிடைத்தது, ஓரம் போய்விட்டது. நாரையும் அரிவாள் மூக்கனும் நின்று இரை தேடுவது சில விரல்கடை ஆழத்தில். அந்தச் சரிவான ஓரத்தையே அள்ளி எடுத்துவிட்டுப் பறவை ஏன் வரவில்லை என்று மறுவருடம் கேட்டோம். முன்பு எத்தனை வந்தன என்று யாரோ திருப்பிக் கேட்டபோது பதில் சொல்ல ஒருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தக் குழு பிறந்தது.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவை நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாகின. தரவை நன்றாக இருந்திருந்தால் அந்த வெள்ளத்தைத் தடுத்திருக்கும் என்று சொல்லி உங்களிடம் பணம் கேட்டால் அது பொய். அப்படிப்பட்ட மழையை எந்தத் தரவையும் முழுதாக வாங்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண வெள்ளத்தை அது வாங்கும். நாம் பிழைப்பது அந்தச் சாதாரண வெள்ளத்தை வைத்துத்தான்.

இதுவரை நடந்தவை: 22 ஏக்கர் சீமைக்கருவேலம் வேரோடு எடுக்கப்பட்டது. அடைந்து கிடந்த வரத்துக்கால் 1,400 மீட்டர் திறக்கப்பட்டது. பெரிய மடை சரிசெய்யப்பட்டது. குளத்துக்குள் இருந்த நாட்டுக் கருவேல மரங்களில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. சீமைக்கருவேலத்தையும் நாட்டுக் கருவேலத்தையும் ஒன்றாக எண்ணிக் கோடாலியோடு வந்த இருவரைத் திருப்பி அனுப்பினோம். கூடு கட்ட வரும் பறவைகளுக்கு அந்த மரம்தான் வீடு. வேலைக்கான அனுமதிக் கடிதங்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. யாரும் வந்து பார்க்கலாம்.

இனிச் செலவு. குளம் நிறைந்து மிஞ்சும் நீர் வெளியேறும் மறுகால் ஓடையில் மீதி 600 மீட்டருக்குப் பொக்லைன் 130 மணி நேரம், மணிக்கு ரூ.1,200 வீதம் ரூ.1,56,000. சின்ன மடைக்குக் கட்டுமானமும் ஷட்டரும் ரூ.84,000. அமலை எடுக்க 120 ஆள்கூலி, ஆளுக்கு ரூ.700 வீதம் ரூ.84,000. மருதம், கடம்பு, நாட்டுக் கருவேலம் என 400 கன்றுகள், வேலி, இரண்டு ஆண்டு தண்ணீர் ஊற்றும் செலவு ரூ.51,000. கண்காணிப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.1,60,000.

கடைசித் தொகையைப் படித்ததும் உங்கள் புருவம் உயர்ந்திருக்கும். சென்ற கூட்டத்திலும் உயர்ந்தது. “பறவையை எண்ணுவதற்கு ஒன்றரை லட்சமா? அண்ணாச்சி, நான் சும்மா எண்ணித் தருகிறேன்” என்றார் ஒருவர். சிரித்தோம். அவரை ஜனவரியில் அழைத்துப்போனோம். நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் ஒன்றாகவே எண்ணிவிட்டு, ஒன்பது மணிக்கு வெயில் என்று திரும்பிவிட்டார். ரூ.200 கொடுத்துவிட்டுத்தான் போனார், அதற்கு நன்றி.

எண்ணுவது ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுகிறோம். வெட்டிய மறுநாள் எல்லாக் குளமும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டில்தான் குட்டு வெளிப்படும். அமலையின் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு மூலையில் நான்கு செடி தலைகாட்டும்போதே பார்த்துவிட்டால் இரண்டு பேர் அரை நாளில் பிடுங்கிவிடலாம். பார்க்காமல் விட்டால் மறுபடியும் ரூ.84,000. அதே சேற்றுக்குள் நம் பழைய கோரையும் அல்லியும் விதையாகத் தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். தண்ணீர் ஏறி இறங்கும் ஒழுங்கு திரும்பினால் அவை தாமாக எழும்பும். எழும்புகிறதா என்று பார்க்காமல் நாற்று வாங்கி நடுவது வீண்செலவு.

ஆகவே ஒவ்வொரு மாதமும் மடையருகே நட்ட அளவுக்கல்லில் நீர்மட்டம் குறிக்கப்படும். கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துத் தெளிவை அளப்போம். ஆறு இடங்களில் கல் நட்டிருக்கிறோம். அதே கல்லில் நின்று அதே திசையில் புகைப்படம் எடுக்கப்படும். ஆண்டுக்கு நான்கு முறை தண்ணீர் பரிசோதனை ரூ.12,000, படகும் போக்குவரத்தும் ரூ.8,000, உதவிக்கு வரும் இரண்டு மாணவர்களுக்கு ரூ.10,000, பதிவேடும் சில்லறையும் ரூ.2,000. ஆண்டுக்கு ரூ.32,000, அவ்வளவுதான்.

நாம் கை வைக்காத பக்கத்துக் குளத்தையும் சேர்த்தே எண்ணப்போகிறோம். “அவன் குளத்துக்கு நம் காசா” என்று கேட்காதீர்கள். வேறெங்கோ நல்ல மழை பெய்து நீர் நிறைந்தால் கூழைக்கடா அங்கே போய்விடும். நம் குளத்தில் எண்ணிக்கை குறைந்தால் அது நம் குற்றமா, மழையின் திருவிளையாடலா என்று பக்கத்துக் குளத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. நம் கணக்கும் அதே காலத்தில், அதே முறையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அரசு செய்யாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறையில், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகள் ஈரநிலமாகச் சேர்வதில்லை. ஆயிரம் பறவை வந்தாலும் நம் குளம் சட்டத்தின் கண்ணில் பாசனக் குளமே. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தார் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1994-இல். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பறவை மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்த ஊர் அது. இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் ஒரே மாவட்டமாக இருந்த காலமும் உண்டு.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல இந்தத் தாள் போதாது. தாராவியிலிருந்து 11 பேர் சீட்டுப் போட்டுச் சேர்த்து ரூ.1,10,000 அனுப்பினார்கள். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் ரூ.3,40,000 அனுப்பினார்கள், அதில் இருவர் அந்த மாதம் வேலை இழந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளிவாசல் ஜமாத் ரூ.50,000, தேவாலயச் சபை ரூ.50,000, அம்மன் கோவில் வரிதாரர்கள் ரூ.1,00,000. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று மாத ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்துவிட்டுத் தம் பெயரைப் போடக்கூடாது என்றார், போடவில்லை, அம்மா. டிராக்டர் வைத்திருக்கும் மூன்று பேர் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு கரம்பை மண் அடித்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து ரூ.2,346 கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள். பொருளாளர் அதை எண்ணி முடிக்க ஒரு மாலை ஆனது. அன்று அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

கொடுக்காதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைக்கட்டுப் பதிவேட்டில் 63 வீடுகளின் பெயருக்கு எதிரே இன்னும் வெற்றிடம். பட்டியலைச் சாவடிச் சுவரில் ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள், ஒட்டவில்லை, இப்போதைக்கு. கொடைக்கு வரி தராத வீடு நம் ஊரில் கிடையாது. வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் மறுப்பேச்சின்றித் தருகிறோம். கொடை முடிந்து முளைப்பாரியை எங்கே கொண்டுபோய்க் கரைக்கிறோம்? போன ஆண்டு அமலையைக் கம்பால் விலக்கி இடம் பண்ணித்தான் பெண்கள் முளைப்பாரியை இறக்கினார்கள். அம்மனுக்குக் கண் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

வெள்ளத்தன்று ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய திருச்செந்தூர் ரயிலின் பயணிகளுக்கு, தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும் நிலையில், அக்கம்பக்கத்து ஊர் மக்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள். முகம் தெரியாதவர்களுக்கு அடுப்பு மூட்டிய மண்ணில் சொந்தக் குளத்துக்குக் கையேந்தும்படி குழுவை விட்டுவிடலாமா?

இயலாதவர்கள் பணம் தர வேண்டாம். இரண்டு நாள் அமலை எடுக்க வாருங்கள், அது ரூ.1,400 கொடுத்ததற்குச் சமம் என்று ரசீது எழுதித் தருவோம். ஒரு கன்றைப் பொறுப்பேற்கலாம். ஓராண்டுக் கண்காணிப்பை ஒரு குடும்பம் ஏற்றால் ரூ.32,000, ஐந்து குடும்பம் வந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. பெயர் பொறித்த கல் மட்டும் கேட்காதீர்கள். கரையில் கல் நட இடமில்லை என்பதல்ல, கல்லுக்கு ஆகும் காசில் முப்பது கன்று வைக்கலாம்.

வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் இருக்கிறது. ரொக்கமாகத் தருபவர்கள் பொருளாளரிடம் மட்டும் தந்து, அச்சிட்ட ரசீது பெற்றுக்கொள்ளவும். வரவுசெலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை சாவடியில் வாசிக்கப்படும்.

தைப் பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் மறுநாள் காலை 6 மணிக்கு மறுகாலடியில் நில்லுங்கள், கணக்கெடுப்பு அன்றுதான். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். குழுவிடம் இருப்பது இரண்டு. அதில் ஒன்றுக்கு இடது கண் தெரியாது.

இங்ஙனம்,
செயலாளர், குளம் சீரமைப்புக் குழு
ஆடி 18