நாலு வருஷம் இருந்த பையன்கள்

இண்டியானாபொலிஸ்,
டிசம்பர் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். குளிர் ஏறியதும் என் முட்டி மட்டும் வழக்கம்போலத் தகராறு செய்கிறது. பிரியா மறுபடியும் வேலை மாறிவிட்டாள். மூன்று வருடத்தில் இது மூன்றாவது கம்பெனி. ஊர் மட்டும் அதே சிகாகோதான்.

ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியதற்கு நீ ஒன்றரைப் பக்கம் புலம்பியிருந்ததை மாலாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்களுக்கு ஜோடி கிடைச்சாச்சு" என்றாள். உண்மைதான், மார்ச்சிலிருந்து இந்த வீட்டிலும் இதே பாட்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஐ.பி.எல். பிறந்ததே ஏலக்கடையில். விலை போட்டு வாங்கினவனை ஒருநாள் விலை போட்டு விற்பார்கள் என்று 2008-லேயே உனக்குத் தெரியும். நாம் படித்த பர்டூ பல்கலைக்கழகத்தில் பார்த்துப் பழகிய காலேஜ் பாஸ்கெட்பால் அப்படி இல்லை. அங்கே ஆடுகிறவனும் நம்மைப்போல அட்மிஷன் வாங்கி வந்த பையன் என்று நம்பினோம்.

முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? 1993 கடைசி. யாரோ கொடுத்த மீந்த டிக்கெட்டில் பர்டூவின் மேக்கி அரங்குக்குப் போனோம். கோச்சின் பெயர் ஜீன் கேடி என்று மைக்கில் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பக்கத்து சீட் பெரியவர் முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எங்கள் ஊரில் கேடி என்றால்..." என்று அவருக்கு விளக்கப் போன உன்னை நான்தான் இழுத்து உட்கார வைத்தேன். அப்புறம் கிளென் ராபின்சன் ஆட ஆரம்பித்தான், உன் சிரிப்பு நின்றது. கேரி நகரத்துப் பையன். அந்த சீசனில் ஆட்டத்துக்கு 30.3 புள்ளி சராசரி, நாட்டிலேயே முதல் இடம். மார்ச்சில் கான்சாஸுக்கு எதிராக 44 புள்ளி போட்டான். அடுத்த ஆட்டத்தில் டியூக் அவனை 13-இல் அடக்கிவிட்டது. அன்று ராத்திரி நீ சாதம்கூடச் சாப்பிடவில்லை.

அந்த வருடம் நீயும் நானும் டி.ஏ., அதாவது வகுப்பு உதவியாளர்கள். ஹோம்வொர்க் திருத்தியதற்கு மாதாமாதம் செக் வந்தது, ஏதோ சொற்பம். பதினாலாயிரம் பேரை அந்த அரங்கில் கொண்டுவந்து உட்கார வைத்த ராபின்சனுக்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். அதற்கு மேல் சம்பளம் என்று ஒரு டாலர் வாங்கினால் குற்றம். அதே 1994-இல் மில்வாக்கியின் தொழில்முறை அணி அவனோடு போட்ட ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு 6.8 கோடி டாலர். ஒரு கோடைக்காலம்தான் இடையில். அதே கை, அதே பந்து.

அதனால் பணம் கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் 'கிழவன் பையன்கள் சம்பாதிப்பதைப் பார்த்துப் பொருமுகிறான்' என்று எழுதுவாய். 1995-இல் யு.சி.எல்.ஏ.வுக்குக் கோப்பை வாங்கித் தந்த எட் ஓபானன், பல வருடம் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தான். அவனைக் கேட்கவும் இல்லை, காசு கொடுக்கவும் இல்லை. வழக்குப் போட்டான், 2014-இல் தீர்ப்பு வந்தது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகச் சொன்னார்கள். அடுத்த மாதமே, பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. அதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். இந்த ஜூன் 6-ஆம் தேதி இன்னொரு படி. ஹவுஸ் வழக்கில் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். இனி கல்லூரியே நேராகச் சம்பளம் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து இந்த வருடம் ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை. பழைய ஆட்டக்காரர்களுக்கு நிலுவையாக 280 கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனால் மார்ச் மாதம் நடக்கும் பாஸ்கெட்பால் கோப்பைப் போட்டியின் டி.வி. உரிமைக்கு 2032 வரை நீட்டித்தபோது மட்டும் 880 கோடி பேசினவர்கள் இவர்கள். என்.சி.ஏ.ஏ. தலைமையகம் எங்கள் ஊரில்தான். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறேன். இரண்டு இடத்திலும் பிடுங்குவது வழக்கம் என்று மாலாவிடம் சொல்வேன், அவள் சிரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

சரி, அணி மாறுவது? அதிலும் என்னால் பையன்களைக் குறை சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருடம் ஆடாமல் பெஞ்சில் இருக்க வேண்டும். கோச் மட்டும் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டு மறுநாளே வேறு ஊரில் கோட் மாட்டிக்கொண்டு நிற்கலாம். நம் எச்-1 வேலை விசா காலத்தை நினைத்துப் பார். வேறு கம்பெனி கூப்பிட்டாலும் பேப்பர் வரும்வரை பழைய இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். 2000-இல் சட்டம் மாறி, மனுப் போட்டதுமே புது வேலையில் சேரலாம் என்றதும் நீதான் முதலில் தாவினாய்! 2021-இல் இந்தப் பையன்களுக்கு ஒரு தடவை மாறலாம் என்றார்கள். 2024-இல், படிப்பில் தேறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இந்த வசந்தத்தில் மட்டும் ஆண்கள் பாஸ்கெட்பாலில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்கிற, அணி மாற விரும்புகிறவர்களின் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள்.

பின்னே எதற்குப் புலம்பல் என்று கேட்பாய். ஸாக் ஈடியை வைத்துச் சொல்கிறேன்.

டொராண்டோ பையன். 7 அடி 4 அங்குலம். ஹைஸ்கூலில் இரண்டாம் வருடம்வரை பாஸ்கெட்பால் பக்கமே போகாமல் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்தவன். 2020-இல் பர்டூவுக்கு வந்தபோது அவனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. முதல் இரண்டு வருடம் ஆட்டத்துக்கு இருபது நிமிடம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரன். அதே வருடம் மார்ச்சில் ஃபேர்லி டிக்கின்சன் என்ற, தரவரிசையில் கடைசிப் படியில் இருந்த அணியிடம் தோற்று நாடே கேலி செய்தது. அவன் எங்கும் போகவில்லை, திரும்பி வந்தான். 2024 மார்ச்சில் டெட்ராய்ட்டில் டென்னசி அணியை ஜெயித்து, 1980-க்குப் பிறகு முதல் தடவையாக பர்டூ கடைசி நாலுக்குப் போனது. ஈடி 40 புள்ளி. அன்று எதிரே 37 போட்டவன் டால்டன் கெனெக்ட். ஜூனியர் காலேஜ், அங்கிருந்து வடக்கு கொலராடோ, அங்கிருந்து டென்னசி என்று ஏறி வந்தவன். போர்ட்டல் இல்லையென்றால் அவனை யாருக்குத் தெரியும்? அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெனெக்ட் போட்ட புள்ளிகளை டென்னசிக்காரன் ரசித்தான். ஈடி போட்டதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எனக்கு ஒரு பழைய ராத்திரி ஞாபகம் வந்தது. இந்தக் காலை இப்படித் திருப்பத் தெரியாமல் தடுமாறினானே, ஃப்ரீ த்ரோவை இப்படிக் கோட்டைவிட்டானே என்று. நாலு வருடம் பார்த்தவனுக்குத்தான் அந்த ருசி.

இன்னொன்று. ஈடி வந்தது எஃப்-1 மாணவர் விசாவில். கூட ஆடுகிறவர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கும்போது, இவனுக்கு அமெரிக்க மண்ணில் அந்த வேலை செய்ய அனுமதி சிக்கல். கேம்பஸில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று நாம் எண்ணி எண்ணி வேலை பார்த்தோமே, அதே விசா! நாட்டின் முதல் ஆட்டக்காரனும் நம்மோடு அதே வரிசையில் நின்றான் என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

நம்மைத் தோற்கடித்தவர்களுக்காகவும் நான் வருத்தப்பட்டிருக்கிறேன், நம்புவாயா? 2022 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் செயின்ட் பீட்டர்ஸ் நம்மை 67-64 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஜெர்சி சிட்டியில் இருக்கும் சின்ன ஜெசூட் கல்லூரி. அதற்கு முன் கென்டக்கியையே சாய்த்தவர்கள். பதினாறில் 15-ஆம் தரவரிசையில் இருந்து கடைசி எட்டுவரை போன முதல் அணி. மீசை வைத்த டக் எடர்ட்டுக்கு நடுவிலேயே ஒரு கோழிக்கறிக் கடைச் சங்கிலியின் விளம்பரம்கூடக் கிடைத்தது. வயிறு எரிந்தாலும், அடுத்த வருடம் இவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அடுத்த வருடம் அப்படி ஓர் அணியே இல்லை. கோச் சீட்டன் ஹாலுக்குப் போனார், ஆட்டக்காரர்களில் எடர்ட் பிரையன்ட்டுக்கு, பேங்க்ஸ் செயின்ட் பானவென்ச்சருக்கு, எண்டெஃபோ கோச்சின் பின்னாலேயே. திருவிழா முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்த மாதிரி. இந்த வருடம் கடைசிப் பதினாறு அணிகளும் நாலே பெரிய கான்ஃபரன்ஸிலிருந்து, அதாவது கல்லூரிக் கூட்டணிகளிலிருந்து, வந்தவை. சின்னக் கல்லூரியில் தேறுகிற பையனை மறு வசந்தத்திலேயே பெரிய இடத்துக்காரர்கள் கொத்திக்கொண்டு போகிறார்கள்.

என் சொந்தக் காயம் இந்த மார்ச் 28. இங்கே லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் ஹூஸ்டனோடு ஆட்டம், பிரியாவும் வந்திருந்தாள். கடைசி நிமிடத்தில் நம் கேம்டன் ஹைடி ஒரு மூன்று புள்ளி போட்டு 60-60 ஆக்கினான். முன்பின் தெரியாத ஓர் ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு நொடிக்குக் குறைவாக இருக்கும்போது ஹூஸ்டனின் யூஸான் பந்தைப் போட்டு 62-60, முடிந்தது. அந்த யூஸானும் ஓக்லஹோமாவிலிருந்து வந்தவன். கொடுமை என்னவென்றால், போர்ட்டலை நாலு நாள் முன்பே, மார்ச் 24-ஆம் தேதி, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே திறந்துவிட்டிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளையிடம் வேறு ஜாதகத்தை நீட்டுகிற மாதிரி. கொஞ்ச நாளில் ஹைடி டெக்சாஸ் போய்விட்டான். முன்பு கடையில் எண் மட்டும் போட்ட ஜெர்சி விற்றார்கள், இப்போது பெயரோடு விற்கிறார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் 'ஹைடி' மடித்து வைத்திருக்கிறது.

பிரியாவிடம் சொல்லிப் புலம்பினால், "அதுக்கென்னப்பா, அவன் டெக்சாஸ்ல ஆடுறதைப் பார்த்தாப் போச்சு" என்கிறாள். அவள் ஆளைப் பின்தொடர்கிறவள், ஊரை அல்ல. வேலையையும் அப்படித்தான் பார்க்கிறாள். "நீங்க ஆபீஸை லவ் பண்ணினீங்க, அது உங்களைப் பண்ணுச்சா?" என்று கேட்டாள். 2009-இல் என்னை வீட்டுக்கு அனுப்பியதை நினைத்துத்தான் கேட்டிருப்பாள். பதில் சொல்லவில்லை.

நானும் முழு யோக்கியன் இல்லை. 2023-இல் சதர்ன் இல்லினாயிலிருந்து ஒரே ஒரு வருடத்துக்கு வந்த லான்ஸ் ஜோன்ஸை நவம்பர் முடிவதற்குள் நம் பிள்ளை ஆக்கிக்கொண்டேன். நம்மிடம் வந்தால் தத்துப் பிள்ளை, நம்மை விட்டுப் போனால் துரோகி. உனக்கும் சாம்சன் இரண்டு சிக்ஸர் அடிக்கும்வரைதான் இந்தக் கோபம், பார்த்துக்கொண்டே இரு.

நம் ஜென்ம விரோதி இண்டியானா பல்கலைக்கழகத்தின் கதைதான் தமாஷ். புது கோச் டாரியன் டெவ்ரீஸ் வந்தார், ஏறக்குறைய அணி முழுவதும் புதிது. அதில் கோச்சுக்கு முன்பே தெரிந்தவர்களில் ஒருவன் அவர் சொந்த மகன் டக்கர். என் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே, ப்ளூமிங்டனில் படித்தவர். தன் அணியின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார், தேர்வுக்குப் படிக்கிற பையன் மாதிரி. திட்டுவதற்குக்கூட எனக்குப் பழக்கமான ஒரு முகம் இல்லை. முப்பது வருட விரோதம் இப்படியா வீணாக வேண்டும்?

நம் பக்கம் நிலைமை தேவலை. நம் கோச் மேட் பெயின்டர் 2005-லிருந்து அதே நாற்காலியில் இருக்கிறார். பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லோயர், டிரே காஃப்மன்-ரென் மூவரும் இந்த மாநிலத்துப் பையன்கள். ஃபேர்லி டிக்கின்சன் அவமானத்திலிருந்து கூடவே இருக்கிறார்கள், இது கடைசி வருடம். பணத்தைக் காட்டி வேறு யாரும் கூப்பிடாமல் இருந்திருக்கமாட்டார்கள். தங்கியதும் அவர்கள் இஷ்டம்தானே. முன்பு போக முடியாமல் இருந்தார்கள். இவர்கள் போகலாம் என்று தெரிந்தும் இருக்கிறார்கள். ஸ்மித் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது.

மார்ச் முதல் வாரம் மேக்கியில் கடைசி ஆட்டம், சீனியர்களை அப்பா அம்மாவோடு நடுவில் நிறுத்திக் கைதட்டுவார்கள். நீ பையனைப் பார்க்க எப்படியும் டல்லாஸ் வருகிறாய். இரண்டு நாள் முன்னால் கிளம்பி இங்கே வந்துவிட்டுப் போ. டிக்கெட் மூன்று சொல்லி வைத்திருக்கிறேன். மாலா வரமாட்டாள், மூன்றாவது சீட் நம் கோட்டுகளுக்கு. வரும்போது பருப்புப் பொடி மறக்காதே, போன தடவை கொண்டுவந்தது கட்டி தட்டிவிட்டது.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல். யாராவது கேடி பெயரைச் சொன்னால் இந்தத் தடவையாவது சிரிக்காமல் இரு. அந்த அரங்கில் ஆடுதளத்துக்கே இப்போது அவர் பெயர்தான்.

உன்,
முரளி