பாஸ்பேட் எவ்வளவு என்று கேளம்மா

அன்பு மகளுக்கு,

இப்போதெல்லாம் நீ போனை எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். வேலை அதிகம் என்கிறாய், சரி. தம்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். என் கண்ணில் பட்டது வேறு. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுந்தாய். நடக்கையில் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது. போனில் கேட்டால் "சொரியாசிஸ் மூட்டுவலிதான்பா, டாக்டர் சொல்லிட்டார்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சொரியாசிஸ் என்ற செதில் தோல் நோய் உள்ளவர்களுக்கு மூட்டுவலி வருவது சகஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும், நடமாடினால் இளகும். விரல் முழுசாக வீங்கும், குதிகால் பிடிக்கும், நகத்தில் குழி விழும். உனக்கு இதில் எது இருக்கிறது? நிற்கவும் நடக்கவும்தான் வலி கூடுகிறது. படி ஏறத் தொடையில் பலமில்லை. இருமினால் விலா வலிக்கிறது என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. இது மூட்டின் வலி மாதிரி தெரியவில்லை, எலும்பின் வலி மாதிரி இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, சோதனைக்கூடத்தில் காலம் தள்ளியவன். ஆனாலும் ஒரு எண்ணைப் பார்க்காமல் இதை மூட்டுவலி என்று முடிவு கட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ரத்தத்தில் பாஸ்பேட், எலும்பைக் கெட்டியாக்கும் தாது. வழக்கமாக எடுக்கும் பல பேக்கேஜ்களில் அது இருப்பதே இல்லை. கால்சியம் நார்மல் என்று வந்ததும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

நான் பயப்படுவது இதற்குத்தான்: உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி. பெரும்பாலும் புற்று அல்ல, மெதுவாக வளர்வது. அது எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. சிறுநீரகம் திருப்பி எடுக்க வேண்டிய பாஸ்பேட்டை விட்டுவிடுகிறது, அது சிறுநீரில் போகிறது. அதே ஹார்மோன் வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. விளைவு, கம்பி கட்டிவிட்டுக் கான்கிரீட் ஊற்றாத தூண் போல எலும்பு நிற்கிறது. இதற்குப் பெயர் கட்டியால் வரும் ஆஸ்டியோமலேசியா, அதாவது தாது ஏறாமல் எலும்பு மென்மையாவது. ரொம்ப அரிது. 1959-லேயே பிரேடர் என்ற மருத்துவர் 11 வயதுச் சிறுமியின் விலா எலும்பில் இருந்த கட்டியை இதற்குக் காரணமாகக் காட்டினார். இன்றும் பலருக்கு வருஷக்கணக்கில் பிடிபடுவதில்லை. உன் தோல் நோய் இந்தக் கட்டியை உண்டாக்கும் என்று நான் சொல்லவில்லை. எந்த வலி வந்தாலும் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு இதை மறைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

சோதனைக்குப் போகும் முறையைச் சொல்கிறேன், இதையாவது கேள். ராத்திரி முழுக்கப் பட்டினி, காலையில் எடுக்க வேண்டும். சாப்பிட்டபின் எடுத்தால் எண் மாறும். எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீர் வேண்டாம், இரண்டாவதைப் பிடித்துக் கொடு. ரத்தமும் அதே நேரத்தில் எடுக்கட்டும். இரண்டிலும் பாஸ்பேட், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் பார்க்கச் சொல். ரத்த மாதிரி ஹீமோலைஸ் ஆகியிருந்தால், அதாவது சிவப்பணு உடைந்திருந்தால், அதிலிருந்து பாஸ்பேட் கசிந்து பொய்யாகக் கூடிக் காட்டும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது என்று ரிப்போர்ட்டில் குறிப்பு இருந்தால் மறுபடி எடு. பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் சாதாரணம்.

குறைவாக வந்தால், சிறுநீரகம் எவ்வளவு பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்ற கணக்கு இப்படி. சிறுநீர்ப் பாஸ்பேட்டை ரத்தக் கிரியேட்டினினால் பெருக்கு. அதை, ரத்தப் பாஸ்பேட்டையும் சிறுநீர்க் கிரியேட்டினினையும் பெருக்கி வரும் எண்ணால் வகு. உதாரணமாக ரத்தத்தில் பாஸ்பேட் 1.6, கிரியேட்டினின் 0.8, சிறுநீரில் 40-ம் 80-ம் என்று வை. 32-ஐ 128-ஆல் வகுத்தால் 0.25. கால் பங்கு வெளியே போகிறது. ரத்தத்தில் இவ்வளவு குறைந்திருக்கும்போது நல்ல சிறுநீரகம் அநேகமாக எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால் பங்கை விடுகிறது என்றால் ஓட்டை அங்கேதான்.

கூடவே எலும்பு நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோனான பி.டி.ஹெச்., உடம்பின் வைட்டமின் டி இருப்பைக் காட்டும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. வெறும் வைட்டமின் டி குறைவிலும் பாஸ்பேட் இறங்கும், ஆனால் அப்போது பி.டி.ஹெச். நன்றாக ஏறியிருக்கும். சிறுநீரில் சர்க்கரையும் பார்க்கச் சொல். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்து சிறுநீரில் மட்டும் இருந்தால் விஷயம் வேறு. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் ஃபியூமரேட் மாத்திரை சிலருக்குச் சிறுநீரகக் குழாயைக் கெடுத்துப் பாஸ்பேட்டோடு சர்க்கரையையும் வெளியே விடும். நீ அதைச் சாப்பிட்டாயா என்று எனக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் "சாப்பிடறேன்பா" என்கிறாய். ரத்தசோகைக்கு நரம்பில் இரும்பு ஏற்றினார்களா என்பதையும் சொல். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஏற்றினால் இதே ஹார்மோன் ஏறி இதே மாதிரி பாஸ்பேட் இறங்கும்.

எஃப்.ஜி.எஃப். 23 சோதனையை பாஸ்பேட், கால்சிட்ரியால் (செயல்படும் வடிவ வைட்டமின் டி) மாத்திரை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், அந்த மருந்துகளே அதை ஏற்றிவிடும். பாஸ்பேட் குறைந்திருக்கும்போது அந்த ஹார்மோன் அடங்கியிருக்க வேண்டும். நார்மல் என்று வந்தால்கூட அது நார்மல் அல்ல.

இடையில் யாராவது எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்திக் குறைவு) என்று சொல்லி ஊசி போட வந்தால், தயவுசெய்து நிறுத்து. பாஸ்பேட் பார்க்காமல் ஜோலெட்ரோனிக் அமிலம் மாதிரி மருந்து போடக்கூடாது. ஏற்கெனவே தாது ஏறாத எலும்பு இன்னும் மோசமாகும். எலும்பு ஸ்கேனில் பல இடம் கறுத்துத் தெரிந்தால் புற்று பரவிவிட்டது என்று பயமுறுத்தக்கூடும். இந்த நோயில் வரும் எலும்பு விரிசல்களும் அப்படித்தான் தெரியும்.

கட்டியைத் தேட காலியம் 68 டோட்டாடேட் பெட் ஸ்கேன், கட்டியில் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் படம். உச்சந்தலை முதல் கால் விரல் நுனி வரை, கைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. தொடை நடுவோடு நிறுத்துவது பல இடங்களில் வழக்கம். இந்தக் கட்டியோ பாதத்திலும் இருக்கும், தாடையிலும் மூக்கின் சைனஸிலும் இருக்கும். உன் மாதிரி ஆளுக்கு ஒரு சிக்கல், அழற்சியுள்ள மூட்டும் ஆறிவரும் முறிவும் இதில் லேசாக ஒளிரும். சந்தேகப்பட்ட இடத்தை எம்.ஆர்.ஐ.யில் உறுதி செய்தபிறகே கத்தி. குளிக்கும்போது உள்ளங்காலையும் தொடையையும் நீயே அழுத்தித் தடவிப் பார். செதில் தடித்த இடத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, நீயும்தான்.

கிடைத்துவிட்டால் ஓரத்துத் திசுவோடு முழுசாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்ப வரும். முழுசாக எடுத்தால் சில நாளிலேயே பாஸ்பேட் ஏறும், எலும்பு தேற மாதங்கள் ஆகும். கிடைக்காவிட்டால் பாஸ்பேட்டைப் பல வேளையாகப் பிரித்துக் கால்சிட்ரியாலோடு கொடுப்பார்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே, அது குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த எஃப்.ஜி.எஃப். 23 ஹார்மோனைத் தடுக்கும் புரோசுமாப் ஊசியும் உண்டு, அமெரிக்காவில் 2020-ல் இதற்கு அனுமதித்தார்கள். ஒன்று மறக்காதே: நீ பூசும் கால்சிபோட்ரியாலும் வைட்டமின் டி வகைதான். வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் போகக்கூடாது. கால்சிட்ரியாலும் சேர்ந்தால் ரத்தக் கால்சியம் ஏறும். தோல் டாக்டருக்கும் எலும்பு டாக்டருக்கும் இதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

படிக்கிற காலத்திலிருந்தே உன் களிம்பையும் மருந்தையும் நீயே பார்த்துக்கொண்டவள் என்பதில் எனக்குப் பெருமைதான். அதற்காக எல்லாவற்றையும் முழுக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமா? அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

முதலில் பாஸ்பேட். மற்றதெல்லாம் அப்புறம். ரிப்போர்ட் வந்ததும் "நார்மல்பா" என்று எழுதாதே. பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, ரத்தம் எடுத்த நேரம் தெரியும்படி.

அப்பா